காலிப் பெட்டியும் மலை ஏற வேண்டும்



பூ விவசாயத்தைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் பேச்சு விலையில்தான் போய் நிற்கும். முகூர்த்த நாளில் மல்லி என்ன விலைக்குப் போனது, முகூர்த்தம் இல்லாத வாரத்தில் சாமந்தியை ஏன் குப்பையில் கொட்டினார்கள் என்று. இன்றைக்கு விலையை ஓரமாக வைத்துவிட்டு, பூவைச் சுமந்து போன பெட்டி என்ன ஆகிறது என்று பார்ப்போம்.

ஜவ்வாது மலை என்றதும் சாமை, தேன், புளி, பலா என்றுதான் நினைவுக்கு வரும். காவலூர் வானாய்வகம் இருக்கும் இடமே கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரம். கீழே போளூரில் வெயில் கொளுத்தும்போது மேலே கொஞ்சம் இதமாக இருக்கும். அந்த இதத்தை நம்பிப் பூச்செடி வைக்க நினைப்பவர்களுக்கு முதல் சிக்கல் மண்ணில் இல்லை, பாதையில் இருக்கிறது. மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு இறங்கினாலும், ஆலங்காயம் பக்கம் போனாலும், அமிர்தி வழியாக வேலூருக்குப் போனாலும் வளைவும் சரிவும்தான்.

பறித்த பிறகும் பூ மூச்சுவிடுகிறது. மூச்சுவிட்டால் சூடு வரும். கோணிச் சாக்கில் அழுத்திக் கட்டி வண்டியில் ஏற்றிப் பாருங்கள். சந்தையில் அவிழ்த்துக் கையை உள்ளே விட்டால் நடுமூட்டை வெதுவெதுவென்று இருக்கும். மேலே இருக்கும் பூ பளிச்சென்று தெரியும், உள்ளே இதழ் பழுத்திருக்கும். வியாபாரி மேலே பார்த்து விலை சொல்வதில்லை, உள்ளே கைவிட்டுத்தான் சொல்வார். காற்றோட்டமுள்ள பெட்டியில் மெல்லப் பரப்பி வைத்தால் இந்தச் சேதம் குறையும். தக்காளிக்கு மரப்பெட்டி போய் பிளாஸ்டிக் கிரேட் வந்ததை எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஆனால் சாக்கு போனால் போகிறது என்று விடலாம், கிரேட் போனால் மனசு கேட்காது.

டென்மார்க்கில் செடியும் பூவும் வளர்ப்பவர்கள் பெட்டி திரும்பி வராத இந்தச் சிக்கலுக்கு 1976-லேயே ஒரு வழி கண்டார்கள். எல்லாருக்கும் ஒரே அளவில் சக்கரம் வைத்த இரும்புத் தள்ளுவண்டி. நான்கு மூலையில் நான்கு கம்பி, நடுவே உயரம் மாற்றி மாட்டும் தட்டுகள். சரக்கு இறங்கியதும் கம்பியை உருவித் தட்டுகளை அடுக்கிவிட்டால் காலி வண்டிகள் லாரியில் கொஞ்ச இடம்தான் பிடிக்கும். வண்டியைவிட அதற்கு வைத்த சட்டம்தான் கெட்டிக்காரத்தனம். பத்து வண்டி நிறையக் கொடுத்தால் பத்து காலி வண்டி கையோடு வாங்கிக்கொள்ள வேண்டும். கையில் இல்லையென்றால் கணக்கில் கடன். உன் வண்டி, என் வண்டி என்ற பேச்சே இல்லை. அங்கேயும் திருட்டு இருந்தது, மட்டமான போலி வண்டிகளும் புகுந்தன. அதனால் பின்னாளில் வண்டிக்கு வண்டி மின்னணு அடையாளச் சில்லு பொருத்தினார்கள்.

அந்தத் தள்ளுவண்டியை அப்படியே ஜமுனாமரத்தூருக்குக் கொண்டுவரலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். சமதளத் தரையும் லாரியின் பின்னால் தூக்குமேடையும் இருக்கும் ஊருக்கு அது சரி. சரக்கு தலைச்சுமையாக இறங்கும் நம் சந்தைகளில் சக்கரம் பாரம்தான். நமக்கு வேண்டியது அவர்களுடைய கணக்கு.

அந்தக் கணக்கு நமக்குப் புதிதும் இல்லை. மது பாட்டிலை உதாரணம் காட்டுகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். காட்டில் உடைந்து கிடக்கும் பாட்டில் யானையின் காலைக் கிழிக்கிறது என்ற கவலையால், உயர் நீதிமன்றம் தலையிட, 2022-ல் நீலகிரியில் டாஸ்மாக் கடைகள் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கின. காலி பாட்டிலைக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கும். பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. பத்து ரூபாய்க்கு பாட்டில் திரும்பும் என்றால், நூறு ரூபாய் முன்பணத்துக்கு கிரேட் திரும்பாதா?

கொஞ்சம் கணக்குப் போடுவோம். கிரேட் ஒன்று நானூறு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருநூறு தடவை போய் வந்தால் தடவைக்கு இரண்டு ரூபாய். இருபதாவது தடவையில் தொலைந்தால் தடவைக்கு இருபது ரூபாய். லாபமும் நஷ்டமும் பிளாஸ்டிக்கின் தரத்தில் மட்டும் இல்லை, அது திரும்புவதில் இருக்கிறது.

எத்தனை கிரேட் வேண்டும் என்பதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். தினமும் நாற்பது கிரேட் பூ இறங்குகிறது என்றால் நாற்பது வாங்கினால் போதாது. கீழே போன கிரேட் காலியாகி, கழுவி, மறுபடி தோட்டத்துக்கு வர மூன்று நாள் ஆகுமானால் நூற்றிருபது வேண்டும். அதற்கு மேல் உடைசலுக்குக் கொஞ்சம். கார்த்திகை தீபம், ஆயுத பூஜை, பொங்கல் நேரத்தில் சந்தையில் காலிப் பெட்டி குவிந்துவிடும். பெட்டியை எடுத்து வைக்கவே ஆள் இருக்காது, மேலே தோட்டத்தில் பெட்டியில்லாமல் பூ காத்திருக்கும். மூன்று நாளை இரண்டாகக் குறைத்தால் நாற்பது கிரேட் வாங்கும் பணம் மிச்சம். புதுப் பெட்டி வாங்குவதைவிட பழைய பெட்டியைச் சீக்கிரம் திருப்புவது மலிவு. ஒன்றுக்குள் ஒன்று செருகும் வகையாகப் பார்த்து வாங்கினால், மேலே ஏறும் வண்டியில் காலிப் பெட்டி போக மளிகைக்கும் உரத்துக்கும் இடம் இருக்கும்.

இன்னொன்று. பெட்டியும் முன்பணமும் கமிஷன் மண்டிக்காரரே கொடுத்தால் சுலபம்தான். ஆனால் அவர் பெட்டியில் போட்ட பூவை வேறு மண்டிக்கு எப்படிக் கொண்டுபோவீர்கள்? பெட்டி யாருடையதோ, பேரம் அவர் கையில். அதனால் பெட்டி விவசாயிகளின் பொதுச் சொத்தாக இருக்க வேண்டும். ஜமுனாமரத்தூரில் பழங்குடி விவசாயிகளின் உற்பத்தியாளர் நிறுவனம் ஏற்கெனவே சாமையையும் தேனையும் சந்தைக்கு அனுப்புகிறது. பெட்டிக் கணக்கு அவர்களுக்குப் பெரிய வேலையாகாது.

பூச்செடி வைக்கப் போகும் மலைக் கிராமத்து நேயர்களே, நாற்று வாங்குவதற்கு முன்னால் உங்கள் குழுவில் மூன்று விஷயத்தைப் பேசி முடித்துவிடுங்கள். பெட்டிக்கு முன்பணம் எவ்வளவு, காலிப் பெட்டியை எந்த வண்டி எந்தக் கிழமை எடுத்து வரும், நோட்டில் எழுதப்போவது யார். ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண் கொடுத்து அதைப் பெயிண்டால் எழுதுங்கள், சீட்டு ஒட்டினால் முதல் மழையில் போய்விடும்.