அசல் எது? வேஷம் எது?

நடுவர் அவர்களே! எதிரணியிலே வீற்றிருக்கிற சொல்லின் செல்வர்களே! வீட்டுக் கூடத்திலே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே!

'பொழுதுபோக்கில் இன்பம் தருவது வாங்குவதா? செய்வதா?' என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அம்மா ஒரு போடு போட்டாங்க. "இங்கிலாந்திலே சில பேர் ஜப்பான் பொம்மை ரயிலை வாங்கி, உள்ளூர் மின்சார ரயில் மாதிரி பெயிண்ட் அடிக்கிறாங்களாம். வேலையத்த வேலை!" அப்படின்னாங்க. நல்ல கைதட்டல் வேறே.

அம்மா, ஒரு மனுஷன் முப்பது வருஷம் ஒரே ரயில்ல ஆபீஸ் போயிருக்கான். தனி இன்ஜின் கிடையாது. பெட்டிக்கு அடியிலேயே மோட்டார், ரெண்டு முனையிலும் டிரைவர் அறை. நம்ம கடற்கரை–தாம்பரம் வண்டி மாதிரி. இன்னிக்கு அதை உடைச்சு இரும்புக்குப் போட்டாச்சு. இந்த ஜாதியிலே அங்கே எத்தனையோ வகை ஓடியிருக்கு. எல்லாத்துக்கும் அச்சு செய்து பொம்மை விற்கக் கம்பெனிக்குக் கட்டுப்படியாகாது. கடையிலே இல்லாததை எப்படிம்மா வாங்குறது?

சரி, ஏன் ஜப்பான்? அங்கேதான் கணக்கு இருக்கு. சின்னப் பொம்மை ரயிலுக்கு 'என்' அளவு என்று பேர். என் அளவு இல்லைங்க, ஆங்கில எழுத்து 'என்'! (சிரிப்பு) அந்த அளவிலே இங்கிலாந்துக்காரன் 148-ல் ஒரு பங்காகச் செய்கிறான். ஜப்பான்காரன் 150-ல் ஒரு பங்கு. ஐரோப்பாக்காரன் 160-ல் ஒரு பங்கு. தெற்கு இங்கிலாந்து மின்சார ரயில் பெட்டியும் ஏறத்தாழ 20 மீட்டர், ஜப்பான் நகர ரயில் பெட்டியும் ஏறத்தாழ 20 மீட்டர். பொம்மையிலே அது 135 மில்லிமீட்டர், இது 133. ரெண்டே மில்லிமீட்டர்! நம்ம ஊர்ல மாப்பிள்ளை பொண்ணு உயரம்கூட இவ்வளவு பொருந்தாது.

பெயிண்ட் அடிக்கிறதுன்னா சும்மாவா? முதல்ல வண்டியைத் தேர்ந்தெடுக்கணும். கதவைப் பெயிண்டாலே மறைக்க முடியாது. கதவு எத்தனை, எங்கே இருக்குன்னு எண்ணணும். தெற்கு இங்கிலாந்திலே மின்சாரம் பக்கத்திலே ஓடுற மூணாவது தண்டவாளத்திலிருந்து வருது. அதனால கூரை மேலே கம்பியைத் தொடுகிற கொம்பைக் கழற்றி, ஓட்டையைப் புட்டி வச்சு அடைச்சுத் தேய்க்கணும். கண்ணாடியைக் கழற்றணும். பல பத்தாண்டுகளாக அந்த வண்டிகளுக்கு முகம் மஞ்சள். தண்டவாளத்தில் வேலை செய்கிறவர் கண்ணிலே தூரத்திலேயே படணும் என்பதற்காக. கறுப்பு மேலே மஞ்சள் ஏறாது. வெள்ளை பூசி, மஞ்சள் அடிச்சு, காய்ந்த பிறகு ஒட்டுத்தாளாலே மூடி, அப்புறம்தான் நீலம். அவசரப்பட்டுத் தாளை உரிச்சா மஞ்சளும் கூடவே வந்துரும்! வாங்குறவனுக்குத் தன் ரயிலுக்கு எத்தனை கதவுன்னு தெரியுமா? கேட்டுப் பாருங்க.

"என்ன இருந்தாலும் வேஷம்தானே?" என்பார்கள். கூத்திலே மீசையை மழிச்சிட்டு ஒரு ஆம்பிளை பாஞ்சாலியா வர்றார். துகில் உரியும்போது ஊரே அழுதே, யாராவது "ஏய், இது ஆம்பிளை" என்று எழுந்து போனோமா?

அசல் அசல் என்கிறீர்களே, கடையிலே வாங்குறதும் சுத்த அசல் இல்லை. 9 மில்லிமீட்டர் தண்டவாளத்திலே எல்லாரும் ஓட்டுறாங்க. கணக்குப்படி இங்கிலாந்துக்கு 9.7 வேணும், ஜப்பானுக்கு 7.1 போதும். ரெண்டு பேருமே அட்ஜஸ்ட் பண்ணித்தான் ஓட்டுறாங்க.

பொம்மையை விடுங்க. லண்டனுக்கும் கென்ட்டுக்கும் நடுவே 2009-லிருந்து ஓடுகிற அதிவேக வண்டி ஜப்பானிலே ஹிட்டாச்சி கட்டியது. கிழக்கு இங்கிலாந்திலே 2019-லிருந்து ஓடுகிறது சுவிட்சர்லாந்து ஸ்டாட்லர் வண்டி. அங்கே உள்ள பாலத்துக்கும் சுரங்கத்துக்கும் தக்கபடி உடம்பை ஒடுக்கி, உள்ளூர் வண்ணம் பூசித்தான் விட்டிருக்காங்க. ரயில் கம்பெனி செய்தா நிர்வாகம், நம்ம ஆள் சமையலறை மேஜையிலே செய்தா வேலையத்த வேலையா?

நடுவர் மணியிலே கை வச்சிட்டார். எதிரணி பதில் சொல்லட்டும், கேட்டுக்கிறேன்.