அசலும் வட்டியும்

(நம் சங்கத்தின் குடியரசு தின ஓவியப் போட்டிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



நான் ஓவியன் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். காசோலையில் உள்ள கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தே கண் பழகியவன். அதனால் 'அசலா, நகலா' என்று யார் பேசினாலும் காது தானாகத் திரும்பும். இந்த வருடப் போட்டியில் அந்தப் பேச்சு எழுந்தது. பழைய ஓவியத்தைப் பார்த்து வரைந்த படத்தைப் போட்டியில் சேர்க்கலாமா என்பதுதான் கேள்வி. அதுபற்றி ஐந்து நிமிடம் பேச அனுமதி கேட்டேன்.

ஸ்பெயின் நாட்டு அரண்மனை ஓவியர் வெலாஸ்கெஸ் 1656-இல் 'லாஸ் மெனினாஸ்' என்ற பெரிய ஓவியத்தை வரைந்தார். ஏறக்குறைய பத்தரை அடி உயரம். நடுவில் ஐந்து வயது இளவரசி, இருபுறமும் தோழிப் பெண்கள், தரையில் ஒரு நாய், பின்னால் கண்ணாடியில் ராஜாவும் ராணியும். ஓரத்தில் கையில் தூரிகையோடு ஓவியரே நிற்கிறார். இன்றும் மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பிக்காசோ சிறுவனாக இருந்தபோது அந்த அருங்காட்சியகத்துக்குப் போனவர். 1957-இல், 75 வயதில், அந்த ஒரே ஓவியத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை வரைந்து தள்ளினார். மொத்தம் 58 படங்கள். அவற்றில் 44 நேராக அந்த ஓவியத்திலிருந்து பிறந்தவை. முதல் படத்தையே பாருங்கள். உயரமாக இருந்ததை அகலமாக்கினார். வண்ணத்தை எடுத்துவிட்டுச் சாம்பல் நிறத்தில் தீட்டினார். ஓவியரை உத்தரம் வரை உயர்த்தினார். அரண்மனை நாய் இருந்த இடத்தில் தன் வீட்டில் வளைய வந்த குட்டைக்கால் நாயைப் படுக்க வைத்தார். தன் மாடியில் வந்து உட்காரும் புறாக்களைக்கூட அந்த வரிசையில் சேர்த்தார். 1968-இல் 58 படங்களையும் பார்சிலோனா அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். இதை யாரும் காப்பி என்று ஒதுக்கவில்லை.

வான்கோ உடல்நலம் இல்லாமல் இருந்த 1889-90 காலத்தில், மில்லே என்ற மூத்த ஓவியரின் கறுப்பு வெள்ளை அச்சுப் படங்களை வைத்துக்கொண்டு தன் வண்ணத்தில் வரைந்தார். வேறொருவர் எழுதிய இசையை வாசிப்பவர் தன் பாணியில் வாசிப்பது போலத்தான் இது என்று தம்பிக்கு எழுதினார். நமக்கு இது புதிதா? தியாகராஜர் கீர்த்தனையைப் பாடும் வித்வானைப் 'பார்த்துப் பாடுகிறார்' என்று நாம் எழுப்பிவிடுவதில்லையே!

நம் காலத்து உதாரணம் ஒன்று. நெப்போலியன் வெள்ளைக் குதிரையில் ஆல்ப்ஸ் மலையைக் கடக்கும் படத்தைப் பள்ளிப் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். பிரெஞ்சு ஓவியர் தாவீது வரைந்தது. 2005-இல் கெஹிண்டே வைலி என்ற அமெரிக்க ஓவியர் அதே குதிரை, அதே நிலையை வைத்துக்கொண்டு, மேலே ராணுவ உடுப்பு நிறத்தில் சட்டை போட்ட ஒரு கறுப்பின இளைஞரை உட்கார வைத்தார். கீழே பாறையில் நெப்போலியன் பெயரோடு அந்த இளைஞரின் பெயரும் இருக்கிறது. யாரைக் குதிரைமேல் ஏற்றி வரைவது என்று இதுவரை யார் முடிவு செய்தார்கள்? பழைய படம் இல்லாவிட்டால் இந்தக் கேள்வி நமக்குத் தோன்றாது.

இப்போது நம் போட்டிக்கு வருகிறேன். ரவிவர்மா 1893-இல் தன் மகளையும் பேரனையும் வைத்து 'அதோ அப்பா வருகிறார்' என்ற ஓவியத்தை வரைந்தார். இடுப்பில் குழந்தையோடு ஒரு தாய், படத்துக்கு வெளியே யாரையோ காட்டுகிறாள். நம் குழந்தைகளில் ஒருவர் அதைப் பார்த்து வரைந்தார். ஆனால் அந்தத் தாயின் கையில் ஒரு செல்போன். அப்பா வெளிநாட்டிலிருந்து வீடியோவில் வருகிறார். 'காப்பி' என்று அந்தப் படம் ஒதுக்கப்பட்டது. எத்தனை வீடுகளின் கதை அது என்று உங்களுக்கே தெரியும்.

வங்கிக்காரன் பாஷையில் சொல்கிறேன். அடுத்தவர் பணத்தைத் தன் பணம் என்று காட்டினால் மோசடி. கடன் என்று எழுதி வாங்கி, வட்டியோடு திருப்பினால் நாணயம். கலையிலும் அசல் யாருடையது என்று சொல்ல வேண்டும். வட்டியை நாம் கட்ட வேண்டும். அச்சு மாறாமல் எடுத்துத் தன் பெயரைப் போட்டுக்கொண்டால் அதற்குப் பரிசு கிடையாது. அதில் எனக்கும் சந்தேகமில்லை.

எனவே அடுத்த வருடம் இதற்கென்று தனிப் பிரிவு வேண்டும் என்று சங்கத்தைக் கேட்டுக்கொள்கிறேன். விதிகள் மூன்று போதும். மூல ஓவியத்தின் பெயரையும் ஓவியர் பெயரையும் பின்பக்கம் எழுத வேண்டும். எதை மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று இரண்டு வரி எழுத வேண்டும். டிரேஸ் எடுக்கக் கூடாது.

சட்டத்தையும் பார்த்துக்கொள்வோம். நம் நாட்டில் ஓவியர் இறந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. ரவிவர்மா 1906-இல் மறைந்தார், தடையில்லை. பிக்காசோ மறைந்தது 1973-இல். அவர் படங்களுக்கு இன்னும் பொறுக்க வேண்டும். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் தன்னிடமுள்ள ஏராளமான பழைய ஓவியங்களை இணையத்தில் இலவசமாகவே தருகிறது. குழந்தைகளோடு உட்கார்ந்து பாருங்கள். ஒரு படத்தை வரைய வேண்டுமானால் அதை ஒரு மணி நேரமாவது உற்றுப் பார்த்தாக வேண்டும். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே இந்தப் பிரிவைக் கேட்கிறேன்.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் உங்கள் ஆதரவை எதிர்பார்க்கிறேன்.