பெயர் போட்டால் பொறுப்பும் வரும்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் குழுத் தலைவி ஒருவர் ஆற்றிய உரை)



எங்க குழுவுல பத்துப் பேர் பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு விளையாட்டு பனியன் தைக்கிறோம். துணி ஒப்பந்தக்காரர் கொடுப்பார். காலரில் அவர் கம்பெனி பெயர் இருக்கும். நமக்குத் தையல் கூலி மட்டும். "நாமே துணி வாங்கி, நம்ம பெயரைப் போட்டு வித்தா என்னக்கா?" என்று இளைய உறுப்பினர்கள் கேட்கிறார்கள். மூத்தவங்க கேட்கிறதும் நியாயம்தான்: "சாயம் போச்சு, தையல் விட்டுச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு எஸ்.ஜி. என்ற பெயர் தெரியும். கேதார்நாத், துவாரகாநாத் ஆனந்த் என்ற சகோதரர்கள் 1931-ல் சியால்கோட்டில் தொடங்கிய தொழில் அது. 1947-ல் நாடு பிரிந்தபோது அந்த ஊர் பாகிஸ்தானுக்குப் போயிற்று. குடும்பம் ஆக்ராவுக்கு வந்து, 1950-ல் மீரட்டுக்கு மாறி, தொழிலை மறுபடியும் கட்டி எழுப்பியது. இன்று இந்தியாவில் நடக்கும் டெஸ்ட் போட்டிகளில் அவர்கள் பந்துதான்.

பந்தில் ஆறு வரிசைத் தையல் உண்டு. ஆஸ்திரேலியாவின் கூகபுரா பந்தில் நடு இரண்டு வரிசை மட்டும் கைத்தையல். எஸ்.ஜி. பந்தில் ஆறுமே கைத்தையல். கோர்வை போட்டுச் சேலை நெய்யுற ஊர் நம்ம ஊர். கைவேலையின் அருமையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்படிப்பட்ட பந்தையே 2018-ல் விராட் கோலி தரம் சரியில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். ஊரே கேட்டது. கம்பெனி பந்தைத் திருத்தியது. அடுத்த ஆண்டு அதே கோலி, தரம் கூடியிருக்கு என்றார். பெயர் இருந்ததால்தான் குறை நேராக அவர்களிடம் போனது. திருத்திய பிறகு நல்ல பேரும் அவர்களுக்கே வந்தது.

ஆனா ஒண்ணு. அந்தப் பந்தைத் தைத்த கை யாருடையது என்று நமக்குத் தெரியாது. தைக்கிறவர் வேறு, பெயருக்குச் சொந்தக்காரர் வேறு. நம்ம குழுவில் இரண்டும் ஒரே ஆளாக இருக்க முடியும்.

அதனால் என் யோசனை இது. முதலில் ஐம்பது பனியன் மட்டும், குழுவின் உள்கடனில். விற்பதற்கு முன் ஒன்றை எடுத்து, நம்ம வீட்டிலேயே பத்துத் தடவை துவைத்துப் பார்ப்போம். லாபத்தில் ஒரு பங்கைத் தனியாக வைப்போம். குறை என்று வந்தால் அந்தப் பணத்தில் புதுசு மாற்றிக் கொடுப்போம். யாரு பதில் சொல்றதுன்னு கேட்டீங்களே, நாமதான் சொல்லணும். சம்மதம் என்றால் அடுத்த கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போடுவோம்.