காலியாகக் கிடந்த பாதிப் பக்கம்

(மகளிர் நாள் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. ஊசி போட்டுத்தான் பழக்கம். சேரியில் பிறந்து, அரசாங்க விடுதியில் சாப்பிட்டு, நர்சுப் படிப்பு படித்தவள் நான். நீலகிரி மாவட்டத்தில், கூடலூர்ப் பக்கம், கிராம சுகாதார செவிலியராகப் பல வருசம் வேலை பார்த்தேன். தலித் பெண்களின் உடல்நலம் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் மனசைப் பற்றிப் பேசப்போறேன். பிறவி நோயோட இருக்கிற பிள்ளையை வளர்க்கிற அம்மாவோட மனசு. அதில் என் தப்பும் ஒன்று இருக்கு. அதையும் சொல்லிடுறேன்.

சிக்கில் செல் என்று ஒரு இரத்த நோய். தமிழில் அரிவாள் செல் சோகை என்று எழுதுகிறார்கள். நம் இரத்தத்தில் சிவப்பு அணு வட்டமா, மெத்துன்னு இருக்கும். இந்த நோயில் அது அரிவாள் மாதிரி வளைஞ்சு விறைச்சுப் போகும். சின்ன இரத்தக்குழாயில் போய் அடைச்சுக்கும். அடைச்ச இடத்தில் வலி. அஞ்சு வயசுப் பிள்ளை "காலை வெட்டிப் போட்டுரும்மா"ன்னு கத்துறதைக் கேட்டிருக்கேன். குளிர், காய்ச்சல், தண்ணி குடிக்காம இருக்கிறது, இது எதுவும் வலியைக் கிளப்பிவிடும். மழையும் குளிரும் குறையாத மலையில் அந்த அம்மா என்ன செய்வா? மேகம் கறுத்தாலே அவளுக்கு நெஞ்சு படபடங்கும். மண்ணீரல் திடீர்னு வீங்கினா உயிருக்கே ஆபத்துன்னு நாங்க சொல்லிக்கொடுத்திருப்போம். ராத்திரி நாலு தடவை எழுந்து பிள்ளையோட வயித்தைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பா. விடிஞ்சா தேயிலை பறிக்கப் போகணும்.

இந்த நோய் இந்தியாவில் இருப்பது 1952இல் பதிவானது. லேமான், கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடி மக்களின் இரத்தத்தில் கண்டு எழுதினார்கள். எழுபது வருசத்துக்கு மேலாச்சு. இரத்தத்தைப் பலரும் எடுத்துப் பார்த்தாச்சு. இரத்தம் கொடுத்த அம்மாவை, "நீ தூங்குறியா"ன்னு கேட்டவங்க எத்தனை பேர்?

இப்ப என் தப்பு. ஒரு பழங்குடிக் குடியிருப்பில் ஒரு குழந்தைக்கு நோய் உறுதியாச்சு. அடுத்து அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பரிசோதனை செய்யணும். பதிவேட்டில் இடது பக்கம் தாய், வலது பக்கம் தந்தை. பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வர்றது எப்பவும் அம்மாதானே. அவளுக்கு இரத்தம் எடுத்தேன். "கேரியர்"னு எழுதினேன். அப்பா கூலிக்குப் போயிருந்தார். வரல. மறுபடி கூப்பிட்டேன், வரல. நானும் விட்டுட்டேன். வலது பக்கம் காலியாவே கிடந்தது.

அந்தக் காலிப் பக்கம் என்ன செஞ்சதுன்னு கேளுங்க. "அவ இரத்தம்தான் கெட்ட இரத்தம், நர்சம்மாவே எழுதிட்டாங்க"ன்னு குடியிருப்பு முழுக்கப் பேச்சு. மாமியார் அவ கையால் கஞ்சி வாங்கிக் குடிக்கல. புருசன் பேச்சை நிறுத்திட்டார். அவ என்கிட்ட வர்றப்பெல்லாம் "தலை பாரமா இருக்கு சிஸ்டர், நெஞ்சு அடைக்குது, ஒடம்பு எரியுது"ன்னு சொன்னா. நான் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினேன். ஒரு ராத்திரி பிள்ளையை மூத்தவகிட்ட கொடுத்துட்டுத் தேயிலைக் காட்டுக்குள்ள போயிட்டா. விடியற நேரத்தில் தேடிக் கூட்டி வந்தாங்க. "எங்க போன?"ன்னு கேட்டேன். "எங்கயும் போகல சிஸ்டர். திரும்பி வரணும்னு தோணல, அவ்வளவுதான்"னா.

அன்னைக்குத்தான் அந்தப் பதிவேட்டைப் புரட்டினேன். நான் படிச்ச கணக்கு எனக்கே உறைச்சது. இந்த நோய் வரணும்னா அம்மாகிட்டயிருந்து ஒரு பங்கு, அப்பாகிட்டயிருந்து ஒரு பங்கு, ரெண்டும் சேரணும். ஒரு பங்கை மட்டும் சுமக்கிறவர்தான் கேரியர். அவர் நோயாளி இல்லை. ரெண்டு கேரியர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர 4இல் 1 வாய்ப்பு, கேரியராக 4இல் 2, எதுவும் இல்லாமலிருக்க 4இல் 1. அப்பா பங்கு இல்லாமல் இந்த நோய் கிடையாது. இது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பாதி உண்மையை எழுதி, முழுப் பழியை அவ தலையில் வெச்சேன். மறுநாள் வேலைத்தளத்துக்கே போய் அவருக்கு இரத்தம் எடுத்தேன். கேரியர். மாமியாரையும் உட்கார வெச்சு ரெண்டு பக்கத்தையும் படிச்சுக் காட்டினேன். வீடு உடனே மாறிடலை. ஆனா கஞ்சியை வாங்கிக் குடிச்சாங்க.

தோழர்களே, இரத்தத்தில் குற்றம் கண்டுபிடிக்கிற வேலை யாருடையது? பிறப்பை வெச்சு நம்மைத் தீட்டுன்னு சொன்ன சாதிக்காரனுடையது. அதை எதிர்த்துத்தானே நிற்கிறோம். அதே கணக்கை வீட்டுக்குள் ஒரு பெண் மேல் போட்டால் அது மட்டும் எப்படி நியாயமாகும்? இந்த மரபணு யாருடைய இழிவும் இல்லை. ஒரு பங்கை மட்டும் சுமப்பவரைக் கடுமையான மலேரியா எளிதில் கொல்லாது. அதனால் மலேரியா மண்டிய இடங்களில், ஆப்பிரிக்காவில், கிரேக்கத்தில், சவூதியில், நம்ம மலைக்காடுகளில், இது தங்கிவிட்டது. நம் முன்னோர் உயிர்பிழைத்த வழி அது.

"இது ஆஸ்பத்திரி விசயம், இயக்கத்துக்கு என்ன வேலை?"ன்னு ஒரு தம்பி கேட்டார். சொல்றேன். அமெரிக்காவின் கருஞ்சிறுத்தைகள் 1971இலிருந்து கறுப்பின மக்களுக்கு இலவசமாக சிக்கில் செல் பரிசோதனை நடத்தினார்கள். அவர்களைப் பார்த்து 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் எழுந்தார்கள். 1956இல் அண்ணல் பௌத்தம் தழுவிய நாகபுரியைச் சுற்றியுள்ள விதர்பாவில் மகர் மக்களிடமும் பழங்குடிகளிடமும் இதே நோய் அதிகம். சிறுத்தை என்ற பெயரை வாங்கிக்கொண்ட நாம், அவர்கள் செய்த இந்த வேலையையும் வாங்கிக்கொள்ள வேண்டாமா?

அங்கே நடந்த தவறையும் பார்க்கணும். 1972இல் அமெரிக்காவில் இதற்கென்றே சட்டம் வந்தது. பரிசோதனை வேகமாக நடந்தது. விளக்கிச் சொல்வது பின்தங்கியது. நோயே இல்லாத கேரியர்களுக்கு வேலையும் காப்பீடும் மறுக்கப்பட்டன. இங்கே 2023 ஜூலையில் ஒன்றிய அரசு ஒரு திட்டம் தொடங்கியது. 40 வயசு வரையிலான 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது, 2047க்குள் நோயை ஒழிப்பது என்று அறிவிப்பு. பரிசோதித்தவர்களுக்கு அட்டை. அந்த அட்டை நாளைக்குப் பெண்ணைக் கழிச்சுக்கட்டுற ஜாதகமா மாறாம யார் பார்த்துக்கிறது? நாமதான்.

இன்னொண்ணு. "தாய்னா பூமாதேவி, பொறுத்துப்பா"ன்னு சொல்றாங்களே, அது பாராட்டு இல்ல, வாய்ப்பூட்டு. பழி சொல்றவனும் அவளைப் பேசவிடல, புகழ்றவனும் பேசவிடல. மனச்சோர்வு பலவீனம் இல்லை. தூக்கமில்லாத ராத்திரியும், கூலி போன நாளும், பழிச்சொல்லும் சேர்ந்து உண்டாக்குற நோய். மருந்து இருக்கு, பேசி ஆற்றும் சிகிச்சை இருக்கு. பிள்ளையோட வலியைக் குறைக்க ஹைட்ராக்சியூரியா மாத்திரை இருக்கு. 1995இல் வந்த ஆய்வில் பெரியவர்களுக்கு வலி வருவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. பிள்ளை வலி குறைஞ்சா அம்மாவும் தூங்குவா. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இந்த நோயும் சேர்க்கப்பட்டிருக்கு. சான்றிதழுக்கு அவளோட அலுவலகம் ஏற ஒரு ஆள் வேணும்.

அதனால் நான் கேட்கிறது நாலு. அப்பாவைப் பரிசோதிக்காம எந்த அம்மாவோட பெயரையும் தனியா எழுத விடாதீங்க. பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கிறப்ப மாணவர்கள் முறை வெச்சு ஒரு ராத்திரி உட்காருங்க. அம்மா போய்த் தூங்கட்டும். தலைவலி, எரிச்சல்னு அவ திரும்பத் திரும்ப வந்தா மூணு கேள்வி கேளுங்க: தூங்குறியா? சாப்பிடுறியா? உயிரோட இருக்கணும்னு தோணுதா? கடைசிக் கேள்வியைக் கேட்கப் பயப்படாதீங்க; கேட்பதால் யாரும் சாகமாட்டாங்க. "தோணல"ன்னு சொன்னா அவளைத் தனியா விடாதீங்க, அன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. 2022இல் தொடங்கின 14416 என்ற எண்ணிலும் இலவசமாப் பேசலாம். நாலாவது, தோழர்களே, உங்க வீட்டு ராத்திரியில் யார் எழுந்திரிக்கிறாங்கன்னு பாருங்க.

நான் வேலையை விட்டுக் கிளம்பின அன்னைக்கு அந்த அம்மா வந்தா. பையனுக்கு மாத்திரை ஒத்துக்கிச்சு. "அடுத்து வர்ற சிஸ்டர்கிட்ட சொல்லிட்டுப் போங்க, அந்த நோட்டுல ரெண்டு பக்கமும் எழுதச் சொல்லி"ன்னா.

சொல்லிட்டுத்தான் வந்தேன். உங்ககிட்டயும் சொல்லிட்டேன். ஜெய்பீம்.