காணாமல் போனவர்கள்

(மன்றத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



தறியோசைக்கு நடுவே பத்தாண்டுகளாகத் தமிழோசையையும் கேட்கச் செய்து வரும் இந்த மன்றத்தில், இன்று ஒரே ஒரு தொடரைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

நம் அன்பர் ஒருவர் இரண்டு கூட்டங்களுக்கு வராமலிருந்தால், மூன்றாம் கூட்டத்தில் அவரை எப்படி வரவேற்கிறோம்? “என்னங்க ஐயா, காணாமலே போய்விட்டீர்களே!” என்கிறோம். உரிமையும் சிரிப்பும் கலந்த பேச்சு அது. இன்றைய இளைஞர்கள் அதையே ‘எம்.ஐ.ஏ.’ என்று கைப்பேசியில் எழுதுகிறார்கள். ‘மிஸ்ஸிங் இன் ஆக்‌ஷன்’ என்பதன் சுருக்கம். விருந்துக்கு வராத நண்பனுக்கும், கடிதத்துக்கு விடை எழுதாத உறவினருக்கும் அந்த மூன்றெழுத்தே போதும் என்றாகிவிட்டது.

ஆனால் அத்தொடர் பிறந்த இடம் விருந்து மண்டபமன்று; போர்க்களம். சண்டை ஓய்ந்ததும் படைப்பிரிவில் பெயர்களை அழைப்பார்கள். இறந்தவர், காயமுற்றவர், சிறைப்பட்டவர் எனப் பட்டியல்கள் எழும். உடலும் கிட்டாமல், சிறைப்பட்ட செய்தியும் வராமல் எஞ்சுகிறவருக்கு உரிய பட்டியல்தான் இது. அவர் வீட்டாருக்கு அழவும் மனம் வராது; நம்பவும் ஆதாரம் இராது.

1971 போர் முடிந்து வீடு திரும்பாத நம் வீரர்கள் பாகிஸ்தான் சிறைகளில் இருக்கக்கூடும் என்று குடும்பத்தார் நம்பினர். ஐம்பத்து நால்வர் என நம் அரசு நெடுங்காலம் கணக்குச் சொல்லி வந்தது. பாகிஸ்தான் மறுத்தே வந்தது. அந்த மறுப்புக்கும் நம்பிக்கைக்கும் இடையில் மனைவியர் முதுமை அடைந்தனர்.

போர் நடக்காத நாளிலும் இது நேர்கிறது. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட விமானப்படையின் ஏ.என்.32 விமானம், 29 பேருடன் வங்கக் கடலின் மேல் மறைந்தது. பெருந்தேடலுக்குப் பின் சில மாதங்களில் அனைவரும் இறந்ததாகக் கொள்ளப்பட்டனர். 2024 ஜனவரியில்தான், சென்னைக் கரையிலிருந்து ஏறத்தாழ 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகள் தென்பட்டதாகப் பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது. ஏழரை ஆண்டுகள்! ஒருவரைப் பற்றி ஏழாண்டு செய்தியில்லையெனில் இறந்தவராகக் கொள்ளலாம் என்கிறது சட்டம். தாயின் மனத்துக்கு அத்தகைய கெடு ஏது?

அன்பர்களே, இத்தொடரின் இலக்கணத்தைச் சற்று நோக்குங்கள். ‘சொல்லாமல் போனான்’ என்றால், சொல்லாதவனும் போனவனும் ஒருவனே. ‘காணாமல் போனான்’ என்பதில் போனவன் அவன், காணாதவர் நாம். ஒரு தொடருக்குள் இருவர் நிற்கிறார்கள். தேடுகிறவரின் கண்ணையும் மறைந்தவரின் காலையும் தமிழ் ஒன்றாகப் பிணைத்து வைத்திருக்கிறது. ஆனால் மூன்றாமவர் ஒருவர் உண்டென்றால், அவருக்கு இத்தொடரில் இடமில்லை. அவர் தப்பிவிடுகிறார்.

இதை இலக்கண ஆசிரியர்களைவிட நன்றாக உணர்ந்தவர்கள் ஈழத்துத் தாய்மார்கள். இலங்கையில் 2016இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி ‘காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்’ அமைந்தது. அந்நாட்டுப் படையினரிலும் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் போரில் காணாமற்போனவர்களாகப் பதிவாகியிருக்கிறார்கள். அவர்களைப் பெற்ற சிங்களத் தாய்மாரின் துயரும் துயரே. ஆனால் 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடர் போராட்டத்தில் அமர்ந்த தமிழ்த் தாய்மார்கள், ‘காணாமற்போனோர்’ என்ற சொல்லையே ஏற்கவில்லை. 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது தம் கையாலேயே படையினரிடம் ஒப்படைத்த பிள்ளைகளும் அவர்களுள் உண்டு என்பது அவர்கள் முறையீடு. எங்கள் பிள்ளைகள் தாமாகவா போனார்கள் என்பதே அவர்கள் கேள்வி. ஆகவே ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்றார்கள். ‘போனோர்’ என்பது ‘ஆக்கப்பட்டோர்’ ஆனவுடன், ஆக்கியவர் யார் என்ற வினா எழுந்து நிற்கிறது. ஒரு வினைச்சொல்லை மாற்றி, மறைந்திருந்த மூன்றாமவரை அவைக்கு அழைத்துவிட்டார்கள். விடை கிடைக்காமலே கண்மூடிய தாய்மாரும் பலர்.

கவிஞர்களாகிய நம்மிடம் ஒரு வேண்டுகோள். நண்பரைப் பார்த்து “ஆளையே காணோமே” என்று கேட்பதை நான் தடுக்கவில்லை. அது அன்பின் மொழி. ஆனால் கவிதையில் ‘காணாமல் போன ஏரி’ என்று எழுதும்போது ஒருகணம் நில்லுங்கள். ஏரி தானாக எழுந்து போகவில்லை, தூர்த்தவர் இருக்கிறார். ‘காணாமல் போன பெண்’ என்று எழுதும்போதும் அப்படியே. போனாரா, ஆக்கப்பட்டாரா என்று கேட்டபின் எழுதுங்கள்.

பாவில் ஓர் இழை அறுந்தால் என்ன செய்வோம் என்பது நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். தறியை நிறுத்துவோம். அறுந்த முனையைத் தேடிப் பிணைத்த பிறகே நெசவைத் தொடர்வோம். ஆயிரம் இழைகளில் ஒன்றுதானே என்று விட்டால், முழத்துக்கு முழம் துணியில் அந்த இடைவெளி தெரியும். சொல்லை நெய்கிறவர்களுக்கும் அந்த ஒழுக்கம் வேண்டும். அடுத்த பத்தாண்டில் நம் மன்றத்துக் கவிதைகள் அத்தகைய இழைகளைத் தேடட்டும்.