தெருவிளக்கும் தாசில்தாரும்

சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்த முதல் இந்தியர் சர் டி. முத்துசாமி ஐயர். அவரைப் பற்றித் தமிழ் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுவது ஒரே கதைதான்: தெருவிளக்கில் படித்து ஜட்ஜ் ஆனார். மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்துக்குக் கிராமக் கணக்குப்பிள்ளையிடம் எடுபிடியாக இருந்த சிறுவனின் கெட்டிக்காரத்தனத்தைக் கண்டுகொண்டு, அவனைச் சென்னைக்குப் படிக்க அனுப்பிய தாசில்தார் முத்துசாமி நாயக்கர் அந்தக் கதையில் வருவதேயில்லை. விளக்குக் கம்பம் மட்டும் நிற்கிறது.

சென்னை கோபாலபுரத்திலும் இதே நம்பிக்கைதான். பள்ளி வாசலில் காரில் காத்திருக்கும் தகப்பனாரும், பக்கத்தில் சவாரி இறக்கும் ஆட்டோ ஓட்டுநரும் பிள்ளையிடம் சொல்வது ஒன்றே: “கஷ்டப்பட்டால்தான் முன்னுக்கு வர முடியும்.” உழைப்பைச் சொல்கிறார்கள் என்றால் மறுப்பில்லை. ஆனால் பசி, தூக்கமின்மை, அவமானம் எல்லாமே வெற்றிக்குச் செலுத்த வேண்டிய கட்டணம் என்பதுபோல் அந்தப் பேச்சு நீண்டுவிடுகிறது.

இந்த நம்பிக்கைக்கு நாம் காட்டும் பெரிய சாட்சி சீனிவாச ராமானுஜன். அவர் வாழ்க்கையைத் தேதி வாரியாகப் படித்தால் சாட்சியம் எதிர்ப்பக்கம் சாய்கிறது.

கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணிதம் தவிர்த்த பாடங்களில் தவறியதால் உதவித்தொகை போயிற்று. சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார், எஃப்.ஏ. என்ற இடைநிலைத் தேர்வில் 1906இலும் 1907இலும் தோல்வி. பிறகு பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டார். நெஞ்சை உருக்கும் காட்சி இது. மேடைகளில் கைதட்டல் வாங்கும் காட்சியும்கூட. அதன் விலையை யாரும் சொல்வதில்லை. நோட்டில் முடிவுகள் இருந்தன, நிரூபணங்கள் பெரும்பாலும் இல்லை. அவற்றை ஒவ்வொன்றாக நிறுவி அமெரிக்கக் கணிதர் புரூஸ் பெர்ன்ட் ஐந்து தொகுதிகளாக வெளியிட 1985 முதல் 1998 வரை ஆயிற்று.

1910 இறுதியில் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவைப் பார்த்தார். என்ன வேண்டும் என்று ராவ் கேட்டபோது, சாப்பாட்டுக் கவலையில்லாமல் கணக்குப் போட அவகாசம் வேண்டும் என்றார். மாதம் 25 ரூபாய் கிடைத்தது. 1911இல் இந்தியக் கணிதக் கழக இதழில் அவருடைய முதல் கட்டுரை வந்தது. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை. அங்கே மேலாளராக இருந்த நாராயண ஐயர் தாமே கணிதம் அறிந்தவர், தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் பரிவுள்ளவர். 1913 ஜனவரி 16 தேதியிட்ட, கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டிக்கான கடிதம் அந்தக் குமாஸ்தா எழுதியது. அதே ஆண்டு மேயில் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் கொடுத்தது. ஒவ்வொரு தாவலுக்கும் முன்னால் ஒரு சுமையை யாரோ இறக்கியிருக்கிறார்கள்.

இறுதி ஆண்டில் நோயின் வலியோடுதானே மாக் தீட்டா என்ற புதுவகைக் கணிதச் சார்புகளைக் கண்டார் என்று கேட்கலாம். கண்டார், வலி தந்த வரமல்ல அது. அப்போது பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு வழங்கியிருந்தது, மனைவி ஜானகி அருகில் இருந்து கவனித்துக்கொண்டார். அதற்கு முன் இங்கிலாந்தில் அவர் நோயுற்றதைப் பார்த்த ஹார்டி 1936இல் ஹார்வர்டில் பேசும்போது, ராமானுஜன் இளமையில் இறந்ததைவிட, பதினெட்டுக்கும் இருபத்தைந்துக்கும் இடைப்பட்ட ஆண்டுகள் பாழானதையே பெரிய சோகமாகக் கருதினார்.

1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் ராமானுஜன் இறந்தார். அதே ஆண்டு, கோபாலபுரத்துக்குப் பக்கத்திலுள்ள ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில், பிட்டி தியாகராயரின் தலைமையில் இருந்த மாநகராட்சி பிள்ளைகளுக்கு மதிய உணவு போடத் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது கணக்கு. பிள்ளைகள் கூடினார்கள். 1925இல் அரசு அந்தச் செலவை அனுமதிக்க மறுத்தது. காமராஜர் 1956இல் மறுபடி இலையைப் போட்டார், எம்.ஜி.ஆர். 1982இல் விரித்தார், 2022இல் காலை உணவும் சேர்ந்தது. சோறு போட்டால் பிள்ளை சோம்பேறியாகிவிடும் என்ற பேச்சு ஒவ்வொரு முறையும் எழுந்து அடங்கியிருக்கிறது.

ஆனாலும் உதவித்தொகை விழாக்களில் இன்றும் ஏழைப் பிள்ளையை மேடையேற்றி அவள் வீட்டு வறுமையை மைக்கில் சொல்லவைக்கிறோம். எவ்வளவு பட்டிருக்கிறாள் என்று அளந்து அதற்கேற்பக் கொடுக்கிறோம். இது கொடுமை. அறக்கட்டளைகள் இதை நிறுத்த வேண்டும்.

பட்டினியை நேரில் அறிந்தவர் என்ன விரும்பினார் என்பதற்கு எழுத்துச் சான்று உண்டு. அந்த 250 பவுண்டு அறிவிப்பு வந்ததும், 1919 ஜனவரி 11 அன்று ராமானுஜன் பல்கலைக்கழகப் பதிவாளருக்குக் கடிதம் எழுதினார். இந்தத் தொகை தம் தேவைக்கு மிகுதி. பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுண்டு போக, தம் செலவுக்குப்பின் மீதியை ஏழை, அநாதைச் சிறுவர்களின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும் பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கவும் செலவிடலாம் என்றார். அவர்கள் கணக்கில் கெட்டிக்காரர்களாக இருக்க வேண்டும் என்றுகூட அவர் கேட்கவில்லை.