தண்டவாளத்தில் சிந்திய எண்ணெய்



1993 ஆகஸ்ட் 5 காலை, நம் கிளமெண்டி எம்ஆர்டி நிலையத்தில் இரு ரயில்கள் மோதியதை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். பராமரிப்பு இயந்திரம் தண்டவாளத்தில் சிந்திய ஏறத்தாழ 50 லிட்டர் எண்ணெயால், பின்வந்த ரயில் உரிய நேரத்தில் நிற்க இயலவில்லை. 130க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர்.

அதற்கு முன்னர், 1978 அக்டோபர் 12 அன்று, ஜூரோங் கப்பல் பட்டறையில் 'ஸ்பைரோஸ்' எண்ணெய்க் கப்பல் வெடித்து 76 உயிர்கள் மடிந்தன. எரிபொருள் தொட்டியில் கச்சா எண்ணெய் கலந்திருந்தது. அதன் ஆவியில் வெட்டுக்கருவியின் தீப்பொறி பட்டது. இரண்டிடத்திலும் எண்ணெய் இருக்கத் தகாத இடத்தில் இருந்தது, வேலையோ நிற்கவில்லை.

2006ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் விதிகள், வேலை தொடங்குமுன்னரே ஆபத்தை மதிப்பிடுமாறு முதலாளிகளைப் பணிக்கின்றன. மூன்றாண்டுக்கு ஒருமுறையேனும் அம்மதிப்பீட்டை மறுஆய்வு செய்தல் வேண்டும். நல்ல விதியே. ஆயினும், ஆங்கிலத்தில் எழுதிக் கையொப்பம் வாங்கிய தாள், தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த தம்பிக்கு எவ்விதம் பயன்படும்?

இங்கு வந்திருக்கும் மேற்பார்வையாளர்கள், நாளைக் காலை வேலைக்கு முன் அத்தாளைத் தமிழில் உரக்கப் படித்துக் காட்ட வேண்டுகிறேன். ஐந்து நிமிடம்தான் ஆகும். தரையில் கசிவைக் கண்டு சொல்லும் தம்பியை, வேலையைத் தாமதப்படுத்துகிறான் என்று கடிந்துகொள்ளாதீர்கள்.